இரு தொழில்களும் செயற்கை நுண்ணறிவும்

மின்னிணைப்பாளர், கடைசற்றொழிலாளர் ஆகியோரின் எதிர்காலம் பற்றிய ஓர் ஒப்பாய்வு

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களுக்கு ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. சுண்ணக்கற் பாறையினுள்ளே தங்கிய மழைநீரைக் கிணற்றின் வழியே மேலே கொணர்ந்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் ஈண்டு விளைவிக்கப்படுகின்றன. முன்னாளில் துலாவும் பட்டையும் ஆற்றிய அப்பணியை 1950ஆம் ஆண்டுகள் தொட்டு மண்ணெண்ணெய் இயந்திரங்களும், அவற்றின்பின் மின்மோட்டர்களும் ஏற்றுக்கொண்டன. வெங்காயப் பயிர் நீருக்கு ஏங்கி நிற்கும் ஒரு காலைப்பொழுதில் அம்மோட்டர் நின்றுவிடுமாயின், தோட்டக்காரர் இருவருள் ஒருவரை நாடவேண்டியவராகின்றார். மின்சாரம் வரும் வழியிற் பிழையாயின் மின்னிணைப்பாளரைத் தோட்டத்துக்கு அழைப்பார். அச்சுத்தண்டு தேய்ந்ததாயின் மோட்டரைக் கழற்றி, மிதிவண்டியிலோ முச்சக்கரவண்டியிலோ ஏற்றிக் கடைசற் பட்டறைக்குக் கொண்டுசெல்வார்.

ஒருவர் பிழை இருக்குமிடத்துக்குச் செல்கின்றார். மற்றவரிடம் பிழைபட்ட பொருள் செல்கின்றது. மிகச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடே இக்கட்டுரையின் முடிவைத் தாங்கி நிற்பது என்பதைப் பின்னர்க் காண்போம்.

உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதி கிட்டாத மாணவரொருவர் அண்மையில் எம்மிடம் வந்து, “சேர், மின்னிணைப்புப் பழகுவதா, லேத் வேலை பழகுவதா? இன்னும் பத்து வருடத்திலே இந்தச் செயற்கை நுண்ணறிவு எதை விட்டுவைக்கும்?” என்று வினவினார். அவருடைய தந்தையார் கைத்தொழில் எதனையும் விரும்பினாரல்லர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அன்று நாம் அவருக்குக் கூறிய விடை அரைகுறையானது. அதனை முழுமையாக்கும் முயற்சியே இது.

தொழில்களின் இயல்பு

மின்னிணைப்பாளரின் தொழிலை மேலோட்டமாக நோக்குவோர், கம்பி இழுத்து ஆளி பொருத்துவதே அது என்பர். உண்மையில் அத்தொழில் கணக்கும், கைத்திறனும், துப்பறிதலும் கலந்ததாகும். எவ்வளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடிப்பான கம்பி வேண்டும் என்பது கணக்கு. பழைய நாற்சார் வீட்டின் சுண்ணச் சாந்துச் சுவரைப் பெயர்க்காமல் அக்கம்பியைக் கொண்டுசெல்வது கைத்திறன். மழை பெய்யும் இரவில் மட்டும் சுற்றுடைப்பான் விழுவதேன் என அறிவது துப்பறிதல். எமது வீடுகளில் உயிர்காவலாகப் பொருத்தப்படும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான், 30 மில்லியம்பியர் அளவான சிறு கசிவுக்கே இணைப்பை அறுத்துவிடும். அக்கசிவு கூரையின் கீழுள்ள ஈரப் பெட்டியிலா, எலி கடித்த கம்பியிலா, கிணற்றடி மோட்டரிலா என்பதைத் தேடிக் காண்பதற்குச் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காவலித் தடையை அளத்தல் வேண்டும். போர்க்காலத்தில் இடிந்து பகுதி பகுதியாகத் திருத்தப்பட்ட வீடுகளிலோ, மூன்று தலைமுறைக் கம்பிகள் ஒரே சுவருக்குள் கிடக்கின்றன. அவற்றுக்கு வரைபடம் கிடையாது.

கடைசற்றொழிலாளரோ சுழலும் உலோகத்தின்மீது கூரிய உளியைச் செலுத்தி, வேண்டிய உருவையும் அளவையும் பெறுபவர். பெயரிங் அமரும் இடத்தில் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு கூடினும் அது உட்செல்லாது. குறையின் உள்ளே சுழன்று தண்டைத் தின்றுவிடும். திருத்த வேலையில் இதனினும் நுட்பமானதொன்று உண்டு. தேய்ந்த தண்டைக் கையில் எடுத்து, அது தேயுமுன் எவ்வளவாக இருந்திருக்கும் என்பதைத் தேயாத பகுதியிலிருந்து ஊகித்து, உருக்கி ஒட்டி மேடாக்கி, மீண்டும் அவ்வளவுக்குக் கடைந்து தருதல் வேண்டும். நுண்மானித் திருகுக் கணிச்சி காட்டும் எண்ணோடு, உளி உலோகத்தைத் தொடும்போது எழும் ஓசையும், சீவலின் நிறமும், கைப்பிடியில் உணரப்படும் அதிர்வும் அவருக்கு அளவுகோல்களாகும்.

ஆய்வாளர் கூறுவன

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் பெனடிக்ற் பிறே, மைக்கேல் ஒஸ்போண் என்னும் இருவர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. அவர்கள் அமெரிக்க நாட்டின் 702 தொழில்களை எடுத்து, ஒவ்வொன்றும் கணினியால் ஆற்றப்படக்கூடிய நிகழ்தகவைக் கணித்தனர். அந்நாட்டின் வேலைகளுள் 47 சதவீதம் உயர்ந்த ஆபத்துடைய வகையைச் சேர்ந்தவை என்பது அவர்தம் முடிவு. அப்பட்டியலில் மின்னிணைப்பாளருக்கு 0.15 என்றும், கடைசல் முதலிய பொறிகளை இயக்கி உலோகத்தை உருவாக்குவோருக்கு 0.65 என்றும் எண்கள் தரப்பட்டுள்ளன. எண்ணளவில் நோக்கின் பின்னவரின் ஆபத்து முன்னவரினும் நான்கு மடங்குக்கு மேலாகும்.

எனினும் எண்ணைக் கண்டு மயங்குதல் தகாது. அவ்வாய்வாளர் 70 தொழில்களை மட்டுமே அறிஞரோடு கலந்து, கணினிமயமாகும் அல்லது ஆகாது எனத் தாமே தரம்பிரித்தனர். ஏனையவற்றை, அவற்றோடு இயல்பால் எவ்வளவு ஒத்தன என்பதைக் கொண்டு கணினியே கணித்தது. அன்றியும் 0.65 என்பது நூறு கடைசற்றொழிலாளருள் 65 பேர் வேலை இழப்பர் எனப் பொருள்படாது. எவ்வாண்டில் இழப்பர் என்பதையும் அது கூறாது. தொழினுட்பத்தால் இயலுமா என்பதே அவ்வெண்ணின் வினா; அவ்வாறு செய்தல் இலாபமா என்பதன்று. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனத்துக்காக 2016இல் ஆண்ஸ், கிரெகறி, சியறான் ஆகிய மூவர், ஒரே பெயருடைய தொழிலைச் செய்வோரும் வெவ்வேறு பணிகளையே செய்கின்றனர் என்பதைக் கருத்திற்கொண்டு மீண்டும் கணித்தபோது, 21 நாடுகளில் உயர்ந்த ஆபத்துக்குள்ளான வேலைகள் சராசரி 9 சதவீதமே எனக் கண்டனர். ஆகவே தொழிலின் பெயரை விடுத்து, அதனுள் அடங்கிய பணிகளைப் பிரித்து நோக்குவதே முறையாகும்.

பொறியினால் இயல்வதும் இயலாததும்

ஹங்கேரியிற் பிறந்த மைக்கேல் பொலானி என்னும் அறிஞர், மனிதன் சொல்லால் விளக்க இயலாத பலவற்றையும் அறிந்து வைத்திருக்கின்றான் என்பதை 1966இல் வெளிவந்த தமது நூலில் விரித்துரைத்தார். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் யாவரும் தாம் விழாதிருக்கும் விதத்தை விதியாக எழுதித் தர இயலாது. சொல்ல இயலாததைக் கணினிக்குக் கட்டளையாக எழுதுதலும் இயலாது என்பதே நெடுங்காலம் கைவினைஞருக்கு அரணாக இருந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அவ்வரணில் ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. விதியை எழுதித் தருவதற்குப் பதிலாக ஆயிரமாயிரம் எடுத்துக்காட்டுகளைத் தந்தால், அவற்றிலிருந்து பொறி தானே ஒழுங்கைக் கற்றுக்கொள்கின்றது. ஆகவே ‘சொல்ல இயலுமா’ என்பது பழைய வினாவாயிற்று. ‘ஒத்த எடுத்துக்காட்டுகள் ஏராளமாக உள்ளனவா’ என்பதே இன்றைய வினா.

இவ்வுரைகல்லில் இரு தொழில்களையும் உரைத்துப் பார்ப்போம். கடைசற்பொறி ஒரே இடத்தில் நிற்பது. அதன் வெளிச்சம், உளி, வேகம், உலோகம் யாவும் அறிந்த அளவுகளுக்குள் அமைவன. ஒரே பாகம் பத்தாயிரம் முறை செய்யப்படும் தொழிற்சாலையில் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அதிர்வை உணர்கருவி அளக்கின்றது. உளி மழுங்கியதை முன்னரே அறிவிக்கின்றது. கமரா பாகத்தின் அளவைச் சோதிக்கின்றது. வரைபடத்தைக் கொடுத்தால் உளி செல்லும் பாதையை மென்பொருள் வகுத்துவிடுகின்றது. உரும்பிராய்ப் பழைய வீட்டின் கூரைக்குக் கீழோ நிலைமை முற்றும் வேறானது. ஒவ்வொரு வீடும் தனக்கு ஒப்பில்லாதது. இருளில் ஏணிமேல் நின்று, சிலந்திவலையை விலக்கி, விரல் நுனியால் கம்பியின் நெகிழ்வை உணர்ந்து திருகை முடுக்கும் வேலை, சிறுவனுக்கு எளிது, பொறிமனிதனுக்கு அரிது. நுண்கணிதம் போடுதல் பொறிக்கு எளிதாகவும், குழந்தை செய்யும் நடத்தலும் பற்றுதலும் அதற்கு அரிதாகவும் இருக்கும் இம்முரண்பாட்டை ஹான்ஸ் மொறவெக் 1988இலேயே எடுத்துக்காட்டினார்.

எனவே மின்னிணைப்பாளரின் தொழிலில் கணினியாற் கவரத்தக்கவை கணக்கும், வரைபடமும், மதிப்பீடும், பிழை எங்கிருக்கலாம் என்ற ஆலோசனையுமே. கைகளின் வேலை அவரிடமே எஞ்சும். சோதித்தபின், ‘இது பாதுகாப்பானது’ எனக் கையொப்பமிடும் பொறுப்பும் அவருடையதே. 230 வோல்ற்று மின்சாரம் பிழை பொறுப்பதன்று. பொறியின் ஆலோசனை பிழைத்தால் அதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். பிறே, ஒஸ்போண் என்போரின் பட்டியலில் ஆபத்து மிகக் குறைந்த தொழில்களுள் ஒன்றாக நிற்பது திருத்துநரை மேற்பார்வை செய்வோரின் தொழில் என்பதும் இதனோடு ஒத்துக் கருதத்தக்கது.

கடைசற்பொறி தரும் வரலாற்றுப் பாடம்

கடைசற்றொழிலாளர் இயந்திரப் போட்டியைப் புதிதாகக் காண்பவரல்லர். 1800ஆம் ஆண்டளவில் ஹென்றி மோட்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் புரி வெட்டும் கடைசற்பொறியைச் செம்மைப்படுத்தி, கையால் உளியைப் பிடித்திருந்த திறனை இரும்புச் சட்டத்துக்கு மாற்றினார். 1952இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களின்படி தானே உலோகத்தை வெட்டும் பொறி பலருக்கும் இயக்கிக் காட்டப்பட்டது. ஜோன் பார்சன்ஸ் என்பவரின் கருத்திலிருந்து பிறந்த அம்முறையே இன்றைய சி.என்.சி. பொறிகளின் மூலமாகும்.

இவ்விடத்தில் மாணவர் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் முதற் பாகத்தைத் தம் கையாற் செய்ய, அவரது அசைவுகளைப் பதிவுசெய்து பின்னர் அவ்வாறே திரும்பச் செய்யும் பொறிகள் 1940களின் பிற்பகுதியில் ஆக்கப்பட்டன. அவ்வழியில் தொழிலாளியின் திறனே மூலமாக நின்றது. ஆயினும் எண்முறையே வென்றது. தொழில் நுணுக்கம் பட்டறையை விட்டு அலுவலகத்துக்குச் செல்வதை நிருவாகத்தினர் விரும்பியமை அதற்கொரு காரணம் என டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். தொழினுட்பம் எவ்வழிச் செல்லும் என்பது விதியன்று, மனிதரின் தெரிவே என்பது இதனாற் பெறப்படும். ஒரு தொழிலின் ஆபத்தை அளக்கும்போது, பொறியின் ஆற்றலோடு அதனை வாங்குவோரின் நோக்கத்தையும் அளத்தல் வேண்டும்.

உரும்பிராயின் கணக்கு

அமெரிக்கத் தொழிற்சாலைக்குப் பொருந்தும் 0.65 எமது பட்டறைக்கும் பொருந்துமா? ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் செய்வோருக்கே சி.என்.சி. பொறியின் பெருவிலை கட்டுப்படியாகும். யாழ்ப்பாணத்துப் பட்டறைக்குக் காலையில் வருவது நீரிறைக்கும் இயந்திரத்தின் தண்டு. மதியம் வருவது உழவு இயந்திரத்தின் ஊசி. மாலையில் வருவது அரைக்கும் ஆலையின் பாகம். எதுவும் இருமுறை வருவதில்லை. ஒரு பாகத்துக்காகப் பொறிக்குக் கட்டளை எழுதி முடிக்குமுன் அனுபவசாலி அதனைக் கடைந்து முடித்துவிடுவார். இந்நோக்கில் திருத்த வேலை செய்யும் கடைசற்றொழிலாளர், ஆக்க வேலை செய்பவரினும் மின்னிணைப்பாளருக்கே நெருங்கிய உறவினராவர்.

எனினும் அவருக்கு ஆபத்து இல்லையென்று எண்ணுதல் தவறு. தொடக்கத்திற் சுட்டிய வேறுபாட்டை ஈண்டு நினைவுகொள்க. அவரிடம் பொருள் செல்கின்றது. செல்லக்கூடிய பொருள் எங்கும் செல்லும். பொறிமயமான தூரதேசத் தொழிற்சாலை மலிவான புதிய மோட்டரையே கப்பலேற்றி அனுப்பும்போது, தேய்ந்த தண்டைத் திருத்துவதிலும் புதியதை வாங்குதல் இலாபமாகின்றது. அவரது பட்டறைக்குள் எந்தப் பொறிமனிதனும் நுழையவில்லை; ஆயினும் அவரது வேலை கடல் கடந்து போய்விடுகின்றது. மின்னிணைப்பாளர் பழகும் சுவரையோ கூரையையோ எவரும் கப்பலேற்றிக் கொண்டுபோக இயலாது. தன்னியக்கத்தின் ஆபத்து ஒரு தொழிலாளியின் மேசைக்கு முன்னேதான் தோன்றும் என்பதில்லை என்னும் இவ்வுண்மையை ஆய்வாளரின் எண்கள் காட்டுவனவல்ல.

மறுபுறத்தில் மின்னிணைப்பாளருக்குப் புதிய வேலைகள் பெருகிவருகின்றன. கூரைமேற் சூரியத் தகடு பொருத்துவதை ஊக்குவிக்கும் ‘சூரியபல சங்கிராமய’ என்னும் அரச திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளுக்குக் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின்திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024இல் கைச்சாத்தாயிற்று. செயற்கை நுண்ணறிவை இயக்கும் பெருங் கணினி நிலையங்களே மின்சாரத்தைப் பெருமளவில் உண்பவை. அவற்றுக்குக் கம்பி பொருத்துவோரும் மனிதரே. எனினும் அவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிந்தனை முழுவதையும் கைத்தொலைபேசியிடம் கேட்டு, அது சொன்ன இடத்தில் திருகை முடுக்குபவராக அவர் தேய்ந்துபோவாராயின், வேலை எஞ்சும். கூலியும் மதிப்பும் எஞ்சா.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

இலாபக் கணக்கு ஒன்றே முழுக்கணக்காகாது. 1990ஆம் ஆண்டின்பின் குடாநாட்டுக்கு எரிபொருளும் மின்சாரமும் அற்றுப்போன காலத்தை முதியோர் மறந்திரார். பெற்றோலை நம்பிப் பிறந்த பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் செய்தி கேட்டனர். புதிய உதிரிப்பாகம் வராத அந்நாளில், பழையதைக் கடைந்தும் ஒட்டியும் மாற்றியும் வாழ்வை ஓடச்செய்தவர்கள் இவ்விரு தொழிலோரும் அவர்தம் கூட்டாளிகளுமே. இயந்திரத்தை ஆக்கியோர் எழுதிய எந்தக் கைந்நூலிலும் அவ்வழிகள் இருக்கவில்லை. எடுத்துக்காட்டிலிருந்து கற்கும் பொறிக்கு அன்று எடுத்துக்காட்டே இல்லை.

அது போர்க்காலம், மீண்டும் வராது என்பாருமுளர். 2022இல் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தவித்தபோது, இறக்குமதி சுருங்கிற்று. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். மலிவான புதிய மோட்டர் கப்பலில் வராத நாளில், பழைய தண்டைக் கடைந்து தருவோரின் அருமை புலப்பட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கற்பிக்கத்தக்க கைகள் கற்பிக்காமலே ஓய்ந்துவிடுமாயின், அடுத்த தட்டுப்பாட்டின்போது பணம் கொடுத்தும் அத்திறனை மீட்டல் அரிது. ஒரு கடைசற்றொழிலாளரை உருவாக்க ஆண்டுகள் பல வேண்டும். ஒரு பருவத்து வெங்காயம் அத்துணை நாள் காத்திராது.

எழுதுகோலும் திருப்புளியும்

மாணவரின் தந்தையார்க்கும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று வாழ்ந்தது யாழ்ப்பாணம். இலிகிதர் பதவி பெற்றுக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றோர் அனுப்பிய பணத்தில் கல்வீடுகள் எழுந்தன. கையில் எண்ணெய் படாத வேலையே பாதுகாப்பானது என்ற எண்ணம் அவ்வாறு வேரூன்றிற்று. இன்று நிலைமை தலைகீழாகின்றது. சருவதேச தொழிலாளர் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மொழியைக் கையாளும் புதிய செயற்கை நுண்ணறிவுக்கு மிகுதியும் ஆட்படுவது எழுதுவினைஞர் வேலையேயாகும். அவ்வேலையின் பணிகளுள் 24 சதவீதம் உயர்ந்த அளவிலும், மேலும் 58 சதவீதம் நடுத்தர அளவிலும் அதற்கு இலக்காகத்தக்கவை என அவ்வாய்வு கூறுகின்றது. எம்முன்னோர் பாதுகாப்பு எனக் கருதிய மேசையே முதலில் ஆட்டங்காண்கின்றது. அவர்கள் தாழ்வாக நோக்கிய ஏணியும் பட்டறையும் அதனினும் உறுதியாக நிற்கின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுப்போம். இரு தொழில்களுள் மின்னிணைப்பே தன்னியக்கத்தின் ஆபத்து குறைந்தது. அதற்குக் காரணம் அது நுண்ணியதென்பதன்று, அது இடத்தோடு பிணைந்ததென்பதே. கடைசற்றொழிலில் ஒரேவகைப் பாகங்களை ஆக்கும் பகுதி பெரிதும் பொறிக்குரியதாகிவிட்டது. திருத்தும் பகுதி பொறியால் வெல்லப்படாதது. ஆனால் மலிவான இறக்குமதியால் நலிவது.

எனவே அம்மாணவருக்கு நாம் இன்று கூறும் விடை இதுவாகும். மின்னிணைப்பை விரும்பின் தயங்காது கற்க. ஆனால் கம்பி இழுப்பதோடு நில்லாது, சூரியத் தகடு, மின்கலம், மோட்டர்க் கட்டுப்பாடு என்பவற்றையும், யாவற்றினும் மேலாகப் பிழை காணும் முறையையும் கற்க. கடைசலை விரும்பின் அஞ்சாது கற்க. ஆனால் கைப்பொறியிற் பழகிய காதோடும் கையோடும் சி.என்.சி. பொறிக்குக் கட்டளை எழுதவும் கற்க. இரண்டிலும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறுக. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவை இதற்கென்றே வடபுலத்தில் அமைந்துள்ளன.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. பரிசளிப்பு விழாவில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்த பழைய மாணவரை மேடைக்கு அழைக்கின்றோம், அது தக்கதே. அம்மேடையின் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் மின்னிணைத்துத் தந்த பழைய மாணவரையும், கல்லூரிக் கிணற்று மோட்டரின் தண்டைக் கடைந்து தந்தவரையும் ஒருமுறையேனும் அவ்வாறே அழைப்போமாயின், அவையில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலராயினும் தமது வழியை அச்சமின்றித் தெரிந்துகொள்வர்.